திருத்தங்கலில் கை மாறிய பந்துவீச்சாளர்

துபாயிலிருந்து நான் விருதுநகருக்குச் சுமந்து வந்த முக்கியமான சாமான்கள் மூன்று. ஒரு தையல்கார இஞ்ச் டேப், ஒரு இந்திய மட்டையாளர், ஒரு பாகிஸ்தான் பந்துவீச்சாளர். பின்னவர்கள் இருவரும் ஒரே சி.டி.க்குள் சண்டையில்லாமல் படுத்திருந்தார்கள்.

துபாய் டெய்ராவில் என் மாமாவுக்குத் தையல் கடை. வருகிறவர்களில் பாதிப்பேர் நம் ஆட்கள், பாதிப்பேர் பாகிஸ்தான் ஆட்கள். அவர்களுக்கு இனாமாகக் கொடுக்கும் காலண்டரில் போன வருடம் மாமா ஆசைப்பட்டு இந்திய அணியை மட்டும் போட்டுவிட்டார். ஜனவரி முழுக்க பாகிஸ்தான்காரர்கள் உடுத்தும் பத்தான் சூட் ஒன்றுகூடத் தைக்க வரவில்லை. எதிர்க்கடை மிஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் இந்த வருடம் ஆளுக்கு ஒருவர். இடப்பக்கம் நம் மட்டையாளர், வலப்பக்கம் அவர்கள் பந்துவீச்சாளர், நடுவில் தேதிக் கட்டு. தேதித் தாளில்கூட நமக்கு ராகு காலம், அவர்களுக்கு ஹிஜ்ரி தேதி.

“ஒருத்தன் இன்னொருத்தனைவிட நூலளவு பெரிசாத் தெரிஞ்சாலும் கடைய மூட வேண்டியதுதான்” என்று சொல்லி, தன் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி என் கழுத்தில் போட்டார் மாமா. தையல்காரருக்கு நியாயம் என்பது இஞ்சில் இருக்கிறது.

என்னை ஏன் அனுப்பினார்? பி.காம். முடித்துவிட்டு வீட்டில் ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் நான். ஷார்ஜா மைதானத்தின் படிக்கட்டில் வளர்ந்தவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். “உனக்குத்தான கிரிக்கெட் தெரியும்? நீயே ஊருக்குப் போயி, அச்சகத்துல நின்னு சரிபாத்து வாங்கிட்டு வா.” இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்த கார்த்திகை மாதத்தில் வந்து இறங்கினேன்.

விருதுநகரில் சித்தி வீட்டில் தங்கல். முதல் நாள் சாயங்காலம் எண்ணெய் பரோட்டா. எங்கள் ஊரில் பாகிஸ்தான் கடைப் பராத்தா ஒரு மேஜை விரிப்பு அளவுக்கு இருக்கும். மரியாதையாக மடித்துத் தருவார்கள். இங்கே பரோட்டாவை எண்ணெயில் குளிப்பாட்டி, முறுக்கு மாதிரி ஆனபின் இலையில் நொறுக்கிப் போட்டு, நாம் யோசிப்பதற்குள் மேலே சால்னாவை ஊற்றிவிடுகிறார்கள். மூன்றாவதைச் சாப்பிடும்போது சித்தி, “கூச்சப்படாதே” என்றாள். எனக்கு எங்கே கூச்சம்? மூச்சுத்தான் முட்டியது.

மறுநாள் டெஸ்ட் தொடக்கம். அச்சகம் இருந்த திருத்தங்கலுக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஒருவர் பாக்கெட் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்திருந்தார். வர்ணனை கொஞ்ச நேரம் ஆங்கிலத்திலும் கொஞ்ச நேரம் இந்தியிலுமாக ஓடியது. ஆங்கிலம் ஓடும்வரை மனிதர் பஸ்ஸுக்கே ஸ்கோர் சொல்லிக்கொண்டு வந்தார். இந்திக்கு மாறியதும் முகம் தொங்கிப்போனது.

“சத்தம் கூடுது. விக்கெட்டா, ஃபோரான்னு தெரியல” என்றார்.

“ரெண்டுக்கும் ஒரே சத்தந்தாம்லே கத்துவான்” என்றார் கண்டக்டர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எனக்கு இந்தி தெரியும்” என்றேன். அடுத்த நொடி ரேடியோ மூன்று தலைகளைத் தாண்டி என் மடிக்கு வந்தது.

“என்ன பாப்பா சொல்லுறான்?”

“மைதானத்துல புறா நிறைய வந்திருக்காம்.”

“அப்புறம்?”

“வெயில் இதமா இருக்காம்.”

“இதுக்காலே இம்புட்டு மூச்சு வாங்குறான்!”

அந்த நேரம் பார்த்து டமார் என்று ஒரு சத்தம். நான் சீட்டுக்கு அடியில் குனிந்தேன். பஸ்ஸில் வேறு யாரும் அசையவில்லை. “டயரு பாப்பா” என்றார் ரேடியோக்காரர், கொஞ்சம் மனம் புண்பட்டவராக. “நம்ம பட்டாசுச் சரக்குச் சத்தம் இப்படி மொன்னையா இருக்காது.”

டயர் மாற்றும்வரை சாலையோர வேம்படியில் எல்லோரும் இறங்கி நின்றோம். நான் ஒரு மைல்கல்லின் மேல் ஏறி நின்று மொழிபெயர்த்தேன். பாகிஸ்தானின் அந்த இடது கை வேகப்பந்து வீச்சாளர் (என் சி.டி.யில் இருந்த அதே ஆள்) பந்துவீச வந்தார். நம் மட்டையாளர் இரண்டு பந்தைத் தடவினார். அதை நான் சொன்னதும் கூட்டம் என்னை முறைத்தது.

“பாப்பா, நீங்க சொல்ல ஆரம்பிச்ச பொறவுதான் இவன் திணறுதான். கொஞ்சம் நல்லாச் சொல்லுங்க.”

கூட்டத்தின் மனம் கோணக் கூடாது என்று இரண்டு ரன்னை நாலாக்கினேன். பிறகு இன்னொரு இரண்டை நாலாக்கினேன். எல்லைக்கோட்டுக்கு முன்னால் பாய்ந்து தடுத்ததால் இரண்டே கிடைத்த பந்தையும் எல்லைக்கு அப்பால் அனுப்பிவைத்தேன். விசில் பறந்தது. வெள்ளரிக்காய் விற்கிறவர் எனக்கு ஒரு பிஞ்சைச் சும்மாவே நீட்டினார். அடுத்த பஸ் வந்து நின்றபோது பாதிப்பேர் ஏறவில்லை. ஆங்கிலம் திரும்பி வந்ததும் அணியின் எண்ணிக்கையில் ஆறு ரன்னைக் காணோம். நான் அந்த அடுத்த பஸ்ஸில் அவசரமாக ஏறிக்கொண்டேன்.

அச்சகத்தில் டிசைனர் குமரேசன் கம்ப்யூட்டரில் படத்தைத் தயாராக வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும், காதில் பேனா. சட்டைகளில் இருந்த விளம்பர எழுத்துகளை, மாமா கேட்டபடி, சுத்தமாக அழித்திருந்தார். இருவரும் வெள்ளை வெளேரென்று நின்றார்கள்.

“ரெண்டு பேரும் உள்ளாற பாக்காக, கவனிச்சீகளா?” என்றார் பெருமையாக. “காலண்டர்ல இருக்குற ஆளு தேதிக் கட்டப் பாத்துத்தான் நிக்கணும். வெளிய பாத்தா வீட்டுல இருக்குறதெல்லாம் வெளிய போயிரும்பாக. அம்மன், தலைவரு, நகைக்கடைப் பொண்ணு, எல்லாத்துக்கும் இங்கன அதான் கணக்கு.”

எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போனது. நோட்டில்கூட எழுதிக்கொண்டேன். பிறகு சோதனைப் பிரதியை மேஜையில் விரித்து டேப்பால் அளந்தேன். தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை மட்டையாளர் ஒன்பதேகால் இஞ்ச். பந்துவீச்சாளர் ஒன்பதரை. தாவிக்கொண்டு இருக்கிறார் அல்லவா, நீண்டுவிட்டார். குமரேசன் அவரைக் குறைத்தார். இப்போது மூஞ்சி சின்னதாகிவிட்டது. பிறகு மூஞ்சியை மட்டும் அளந்தேன், தோள் அகலம் அளந்தேன். மிஷின் ஓட்டும் அந்தோணி அண்ணன், கையெல்லாம் மையாக வந்து எட்டிப்பார்த்து, “படத்துக்குச் சட்டை தைக்கப் போறீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் சரிசமம் ஆனார்கள். கையெழுத்துப் போட்டேன். வெறும் கையெழுத்தோடு விட்டிருக்கலாம். மேலே ஒரு வரியும் எழுதினேன்: “கிரிக்கெட் விவரங்கள் அனைத்தும் என்னால் சரிபார்க்கப்பட்டன.” இரண்டாயிரம் அட்டை. இரவே மிஷினில் ஏறும், மறுநாள் மதியம் பைண்டிங், சாயங்காலம் ஆறு மணிக்குத் தூத்துக்குடிக் கப்பலுக்கு லாரி. அந்த லாரியை விட்டால் காலண்டர் பொங்கலுக்குத்தான் துபாய் வரும்.

இரண்டாம் நாள் காலையில் பைண்டிங் கூடத்தில் டிவி முன்னால் உட்கார இடம் கிடைத்தது. சீசனில் டெஸ்ட் வந்தால் ஆட்கள் டீக்கடைக்கு ஓடிவிடுகிறார்கள் என்று முதலாளியே டிவி வாங்கி வைத்துவிட்டாராம். ஒரு நீளப் பலகையின் இரு பக்கமும் இருபது பெண்கள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்ததால் பாதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள். ஒருவர் வேறொரு காலண்டரின் அட்டையை வைக்க, அடுத்தவர் தேதிக் கட்டை வைக்க, அடுத்தவர் பின் அடிக்க, அட்டை இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருந்தது. கை பலகையில், கண் டிவியில். ஒரு பின்கூடக் கோணலாக விழவில்லை.

“துபாய்ல மேட்ச் எப்படிப் பாப்பீக?” என்று கேட்டாள் பின் அடிக்கும் ராஜாத்தி. என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. சொன்னேன். ஒரே உணவகம். ஒரு பக்க மேஜையெல்லாம் அவர்களுக்கு, மறுபக்கம் நமக்கு, நடுவில் யாருக்கும் சேராமல் டீ ஆற்றும் ஒரு மலையாளி. விக்கெட் விழுந்தால் விழுந்த கட்சி வாயடைத்துப் போகும், மற்ற கட்சி அவர்களுக்கு டீ சொல்லும். அந்த டீயைக் குடித்துத்தான் ஆக வேண்டும்.

“இங்கன எல்லாரும் ஒரே கட்சி. யாருக்கு டீ சொல்ல?” என்றாள். எனக்கும் அதே குறைதான். எதிர்க்கட்சி இல்லாமல் கிரிக்கெட் பார்ப்பது சால்னா இல்லாத பரோட்டா.

எதிர்க்கட்சி பலகையின் கடைசியில் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

உணவு இடைவேளைக்கு அரை மணி இருக்கும்போது அந்த இடது கைக்காரர் மறுபடி பந்தைக் கையில் வாங்கினார். மூன்றாவது பந்து உள்ளே வளைந்து நம் மட்டையாளரின் நடுக்குச்சியைக் கொண்டுபோனது. நான் அட்டையில் போட்டிருந்த அதே மட்டையாளர். கூடம் அப்படியே நின்றது. பின் அடிக்கும் சத்தம் நின்றது. அந்த அமைதிக்குள் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது.

“ஏலே, யாரு அங்கன தட்டுறது?” வாசலிலிருந்து அந்தோணி அண்ணன்.

“நாந்தாண்ணே” என்றார் கடைசி ஆள்.

சொர்ணம் அக்கா. நாற்பது வயது இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவர். இங்கே காலண்டருக்குக் கயிறு போடும் வேலை. இடது கைப் பழக்கம். நடுவில் உட்கார்ந்தால் முழங்கை பக்கத்து ஆளை இடிக்கிறது என்று கடைசியில் போட்டுவிட்டார்களாம்.

“பாகிஸ்தான்காரனுக்கா தட்டுற?”

“பாகிஸ்தான்காரனுக்கு இல்லண்ணே, இடக்கைக்காரனுக்கு. நம்மாளு இடக்கையில அடிச்சாலும் தட்டுவேன். வெள்ளக்காரன் போட்டாலும் தட்டுவேன். எங்க சனம் கொஞ்சந்தான். எங்களுக்கு நாங்கதான தட்டிக்கணும்?”

“அக்காவுக்கு லாகூர்ல சம்பந்தம் பேசிருவமா?” என்றாள் ராஜாத்தி.

“மாப்பிள்ளைக்கு எந்தக் கைன்னு மொதல்ல கேட்டுச் சொல்லு.”

கூடம் சிரித்தது. ராஜாத்தி எழுந்துபோய் ஒரு டீ வாங்கிவந்து எனக்கு நீட்டினாள். “உங்க ஊரு வழக்கம். இது அக்கா கட்சி டீ. தோத்த கட்சி நீங்கதான, குடிங்க.” டிவியில் அந்த விக்கெட்டை மறுபடி மறுபடி காட்டினார்கள். மெதுவாக ஓடிவருகிறார், இடது கை காது ஓரமாக உயர்கிறது, குச்சி பறக்கிறது.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் தள்ளுவண்டியில் என் இரண்டாயிரம் அட்டைகளைக் கொண்டுவந்தார். மை காய்ந்து பளபளவென்று இருந்தன. எதிர்க்கட்சிக்கு மரியாதை செய்ய நினைத்து முதல் அட்டையைச் சொர்ணம் அக்காவிடம் நானே கொடுத்தேன். “உங்காளுதாங்க்கா. பாருங்க.”

அவர் படத்தைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“ஏலே கொமரேசா! இங்கன வா. இவன் எந்தக் கையில பந்து வச்சிருக்கான்?”

குமரேசன் வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பந்து வலது கையில் இருந்தது.

என் காதுக்குள் டயர் வெடித்தது.

“ரெண்டு பேரும் ஒரே பக்கமாப் பாத்துக்கிட்டு இருந்தாகக்கா” என்று இழுத்தார் குமரேசன். “இடத்த மாத்தி வச்சாலும் ஒருத்தன் வெளிய பாப்பான். அதான் இவரக் கண்ணாடி மாதிரித் திருப்பிட்டேன்.”

“முருகன்னா திருப்பிருப்பியாலே?”

“ஆத்தாடி! வேல் இடக்கைக்குப் போயிரும்ல? சாமிக்குக் கை மாறக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காக. கிரிக்கெட்காரனுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலக்கா.”

சொர்ணம் அக்கா கோபப்படவில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். “எனக்கு ரெண்டாப்புல டீச்சரு இந்தக் கைய பாவாடை நாடாவால கட்டிப்போட்டாக. இவன் லாகூர்ல பெறந்து, தப்பிச்சு, இம்புட்டுப் பெரிய ஆளா ஆகி வந்தான். நீ கம்ப்யூட்டர்ல வச்சுக் கட்டிப்போட்டுட்ட.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் ஆணியில் தொங்கிய சோதனைப் பிரதியில் என் கொழுகொழு எழுத்து: கிரிக்கெட் விவரங்கள் அனைத்தும் என்னால். நூறு தடவை நேரில் பார்த்த ஆள். அவர் ஓடிவருவதைப்போல ஓடிக்காட்டிக் கைதட்டு வாங்கியவள் நான். நேற்று அவரைத் தொப்பி முதல் பூட்ஸ் வரை அளந்தேனே தவிர, ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். கடையில் ஒரே கூச்சல்.

“மாமா, காலண்டர்ல ஒரு சின்ன…”

“நம்ம ஆளு போயிட்டான்மா! பார்த்தியா? இங்க அந்தக் கட்சி பஷீர் பாய் எனக்கு டீ சொல்லிட்டான். அப்புறம் பேசு.” வைத்துவிட்டார்.

மறுபடி அடிக்க அட்டை இல்லை. அட்டை வந்தாலும் மிஷினில் ஒரு நகைக்கடை ஆர்டர் ஏறிவிட்டது, மூன்று நாளைக்கு இறங்காது. “நம்மாளையும் திருப்பிட்டா ரெண்டு பேரும் தப்பா நிப்பாக. சமம்தான?” என்று யோசனை சொன்னார் குமரேசன். அந்தோணி அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“பாப்பா, ஆறு மணிக்கு லாரி. ஏத்தவா, வேண்டாமா?” என்றார்.

காலண்டர் இல்லாத ஜனவரியா, கை மாறிய காலண்டரா? எதிர்க்கடை மிஷின் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. “ஏத்துங்கண்ணே” என்றேன்.

மதியம் ஆட்டம் மந்தமானது. நம் கடைசி ஆட்கள் மட்டையை வைத்துக்கொண்டு நேரம் கடத்தினார்கள். கூடத்தில் சாத்தூர் சேவுப் பொட்டலம் கைமாறியது, யாரோ தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட, அது வரிசையாகப் பலகை நெடுகப் போனது. சொர்ணம் அக்கா மட்டும் ஒவ்வொரு அட்டையையும் குப்புறக் கவிழ்த்துப் போட்டுக் கயிறு கோத்தார். மற்ற காலண்டருக்கெல்லாம் படம் மேலே இருக்கத்தான் கோத்தார் என்று காலையிலேயே பார்த்திருந்தேன். இருநூறு எண்ணியதும் எனக்கு உட்கார முடியவில்லை.

குமரேசனிடம் போய், “அவரைப் பழையபடி திருப்புங்க. ஒண்ணே ஒண்ணு போதும்” என்றேன்.

“வெளிய பாப்பாரே?”

“பாக்கட்டும்.”

அவர் மேஜையிலிருந்த சின்ன கலர் பிரின்டரில் இரண்டு தாளாக எடுத்து, வெட்டியதில் மிஞ்சிய ஒரு அட்டையில் ஒட்டுத் தெரியாமல் ஒட்டிக்கொடுத்தார். தேதிக் கட்டை ராஜாத்தி பின் அடித்தாள். அன்றைய ஆட்டம் முடிந்து, லாரியில் கடைசிக் கட்டும் ஏறியபின் அதைச் சொர்ணம் அக்காவிடம் நீட்டினேன்.

பந்து எங்கே என்று முதலில் பார்த்தார். இடது கையில் இருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தார். “இவன் தேதியப் பாக்கலியே?”

“கையத் திருப்பலக்கா. அதனால முகமும் திரும்பல.”

அதைத் தன் இடத்துக்கு எதிர்ச்சுவரில், கொஞ்சம் இடப்பக்கமாக இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார். தேதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையின் கடைசி ஆளைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார் அந்த மனிதர்.

“ஊருல உள்ளவுக எல்லாம் தேதியப் பாக்கட்டும். எங்காளு என்னையப் பாக்கட்டும்” என்றார் அக்கா.

“லாகூர்ச் சம்பந்தம் முடிஞ்சுபோச்சு” என்றாள் ராஜாத்தி. அன்றைக்கு முதல் தடவையாக அக்கா சிரித்தார்.

துபாயில் கட்டுகளைப் பிரித்ததும் மாமா செய்த முதல் காரியம், டேப்பை எடுத்து இருவரையும் அளந்ததுதான். “ஒம்பதேகால், ஒம்பதேகால். உன்னைய அனுப்பினது வீண் போகல” என்றார். கையை அவரும் பார்க்கவில்லை. தையல்காரக் குடும்பம். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு பஷீர் பாய் வந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர், கடையின் பாகிஸ்தான் கட்சிக்குத் தலைவர் மாதிரி. போன ஜனவரியில் முதலில் எதிர்க்கடைக்குப் போனவர் அவர்தான்.

காலண்டரைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். நான் ஊசி டப்பாவில் ஊசிகளை எண்ணினேன்.

“இவர் எப்போதிலிருந்து வலது கையால் போடுகிறார்?” என்று உருதுவில் கேட்டார்.

மாமா எட்டிப்பார்த்தார். டேப் அவர் கையிலிருந்து நழுவியது. பொய்கள் நாலைந்து தயாராக வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தேதியைப் பார்க்க வேண்டிய வழக்கம், முருகனின் வேல், நான் எழுதிய வரி, கவிழ்த்துக் கவிழ்த்துக் கயிறு போட்ட இடக்கை அக்கா, அந்த ஒற்றைக் காலண்டர்.

பஷீர் பாய் தாடியைத் தடவினார். “சரிதான்” என்றார். “இடது கையால் போட்டிருந்தால், எதிரே உங்கள் ஆள் இவ்வளவு நிம்மதியாக மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா?”

மாமாதான் முதலில் சிரித்தார், பெருமூச்சும் சிரிப்புமாக. கடைப்பையனை அனுப்பாமல் தானே போய் டீ சொல்லிவிட்டு வந்தார். பஷீர் பாய் காலண்டரில் இரண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கதவருகே போனவர் நின்று திரும்பினார்.

“சரியான கையோடு இருப்பது அந்த ஒன்றுதானா? அந்த இடது கை அம்மாவிடமா?”

“ஆமாம்.”

“அப்படியானால் கவலையில்லை. எங்கள் ஆள் சொந்த மைதானத்தில்தான் இருக்கிறார்.”